ஆளுக்கொரு மூலையில் இரண்டு டிக்கெட்

பினாங்கில் ஐந்து வருஷம் இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் டிக்கெட் வாங்கிப் போன வெள்ளைக்காரக் கச்சேரி ஒன்றே ஒன்று. அதையும் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேடையில் நின்று பிடில் வாசித்தவருக்கு மீசை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அன்றைக்கு என் பெண்சாதி கட்டியிருந்த சேலை அரக்கு நிறம், கொண்டையில் பூ இல்லை, வலது காதுத் தோடு கொஞ்சம் திரும்பியிருந்தது என்பது வரைக்கும் சொல்வேன். இரண்டு மணி நேரம் நான் பார்த்தது அதைத்தான்.

எங்களுக்குக் கல்லல் பக்கம் ஒரு கிராமம். கண்மாய்ப் பாசனத்தில் நாலு வயல், ஒரு கிணறு, வேறொன்றும் பெருமையாகச் சொல்ல இல்லை. எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் ஆம்பளை ஒரு பக்கம், பொம்பளை ஒரு பக்கம். காளையார்கோவில் தேரானாலும் சரி, செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் மேளக் கச்சேரியானாலும் சரி, யாரும் சொல்லாமலே ஜனம் இரண்டாகப் பிரிந்துவிடும். காரைக்குடியில் நாடகக் கொட்டகை போட்டால் நடுவில் கயிறே கட்டிவிடுவார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் வண்டி கட்டிக்கொண்டு ஒரு நாடகத்துக்குப் போனோம். போனோம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். என் ஆத்தாவும் அக்காமாரும் அவளும் வண்டியில் போனார்கள், நான் வண்டிக்குப் பின்னால் நடந்து போனேன். அவளுக்கு நாடகம் பிடித்ததா என்று கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. அதையும் மாட்டுக் கொட்டிலில் வைத்துத்தான் கேட்டேன்.

இதையெல்லாம் அன்றைக்கு ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. தெருவில் நடந்தால் நான் பத்தடி முன்னால், அவள் பத்தடி பின்னால். பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தால் கேலி செய்ய ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் அவளுடைய கொலுசுச் சத்தத்தை வைத்தே வருகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

பினாங்கில் எனக்கு ஓர் அச்சுக்கூடத்தில் வேலை. எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். கடல் தாண்டிப் போகிற ஆம்பளைகள் பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டுப் போவதும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பதும் செட்டியார் வீடுகளில் இருந்த வழக்கம். எங்களைப் போன்றவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. கல்யாணம் முடிந்து ஆறாம் மாதம் நானும் அப்படித்தான் கப்பலேறினேன். போன இடத்தில் எனக்கு விஷ ஜுரம் வந்து, முப்பது நாள் படுத்து, எலும்பும் தோலுமாக எழுந்திருக்கவில்லை என்றால் அவள் கடலையே பார்த்திருக்க மாட்டாள். கடைச் சாப்பாட்டில் பிள்ளை செத்தே போவான் என்று என் ஆத்தா அழுது, துணைக்கு ஆள் பார்த்து, அவளை அனுப்பி வைத்தாள். சமையல் செய்ய வந்தவள் என்றுதான் அவளுக்கும் சொல்லப்பட்டது, எனக்கும் சொல்லப்பட்டது.

ஒரு மாடி அறை எடுத்தோம். கீழே நம் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் புதுவயல்காரர், அரிசிக் கடையில் வேலை. எனக்குத் தூரத்து உறவில் மாமா முறை. நல்ல மனுஷர்தான், ஒரே ஒரு வியாதி உண்டு. வாராவாரம் ஊருக்குக் கடிதம் எழுதுவார். யார் மீசை எடுத்தான், யார் கிராப்பு வைத்தான், யார் வீட்டில் முட்டை வாங்கினார்கள் என்று ஒன்று விடாமல் புதுவயலுக்குப் போகும். அங்கிருந்து கல்லலுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? நான் பினாங்கில் தும்மினால் என் ஆத்தா கல்லல் சந்தையில் நின்று கஷாயத்துக்குச் சாமான் வாங்குவாள் என்று அச்சுக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

ஒரு வருஷம் ஓடியது. எங்கள் இரண்டு பேர் ஆயுளிலும் நாங்கள் தனியாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான். காலையில் அவள் இட்டிலி ஊற்றுவதும், நான் ஈயத்தூசு படிந்த கையோடு மத்தியானம் சாப்பிட வருவதும், எதிர் வீட்டுச் சீனத்துக் கிழவி கொடுக்கிற பழத்தைத் தின்னலாமா கூடாதா என்று நாங்கள் ஆராய்ச்சி செய்வதும், இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. பிறகு அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஏழாம் மாதம் பிறப்பதற்குள் அவளைக் கப்பலேற்றிவிட வேண்டும் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. போனால் திரும்பி வர மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைக்குழந்தையோடு யார் கடல் தாண்டி அனுப்புவார்கள்? இனி மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, வீடு நிறைய ஜனத்துக்கு நடுவில்தான் நாங்கள் பார்த்துக்கொள்ள முடியும்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனையில் ஒரு வெள்ளை மண்டபம் தெரியும். துரைமார்கள் கச்சேரி வைக்கிற இடம். சாயங்காலங்களில் துரைகளும் துரைசானிகளும், சீனத்துப் பணக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஜோடி ஜோடியாக அதன் படியேறுவார்கள். ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பது அவளுக்கு ஒரு வேலை. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

“அந்தா பாருங்க, எம்புட்டு ஒட்டிப் போறாக. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நா நாமளும் அப்புடிப் போயி, அங்குட்டு உக்காந்து பாத்துட்டு வருவமா?”

பினாங்குக்கு வந்து அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. அவள் கேட்டது என் பக்கத்தில் உட்கார ஓர் இடம். நான் விளங்கிக்கொண்டது ஒரு கச்சேரி. என் மூளையைப் பற்றி வேறென்ன சொல்ல?

அந்த வாரமே எங்கள் அச்சுக்கூடத்துக்கு ஒரு நோட்டீஸ் வேலை வந்தது. ஐரோப்பாவிலிருந்து வருகிற பிடில்காரர் ஒருவர், அவர் சம்சாரம் பியானோ வாசிப்பவர், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு கச்சேரி. இங்கிலீஷில் நாங்கள் அடித்த நோட்டீஸில் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். புருஷனும் பெண்சாதியும் ஒரே மேடையில் வாசிக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கே போகலாம் என்றாள்.

மறுநாள் மத்தியானம் டிக்கெட் வாங்கப் போனேன். மண்டபத்து வாசலில் ஆறடி உயரத்தில் ஒரு சீக்கியக் காவலாள். வேஷ்டியும் சட்டையுமாக வந்த என்னை அவன் ஏதோ கடிதம் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துக் கையை நீட்டினான். டிக்கெட்டுக்கு வந்தேன் என்றதும் மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த ஜன்னலைக் காட்டினான். உள்ளே வெள்ளைக்காரக் கலப்புச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. தமிழ் நாடகம் வேறு இடத்தில் என்று அன்பாகத்தான் சொன்னார். காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, பிடில் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட், எனக்கும் என் மனைவிக்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று ஒரு பெரிய தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த மாதிரித் தாளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மண்டபத்து நாற்காலிகள் அத்தனையும் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. விற்றுப் போன கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு. கச்சேரிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம், அதையும் ஒருவன் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு உட்காருவான். நான் தாளை நன்றாகப் பார்த்துவிட்டு, இதில் பெண்கள் பக்கம் எது என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன். பெண்கள் பக்கம் என்று ஒன்று கிடையாது என்று சொல்லி, நடுவில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்களைக் காட்டினார். என்னை நாட்டுப்புறத்தான் என்று நினைத்து ஏதோ தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஐந்தாறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோய் ஆம்பளைகள் நடுவில் உட்கார வைப்பேனா? ‘சேர்த்து வேண்டாம், தனித்தனியாகக் கொடுங்கள், மனைவிக்கு இடது கோடி, எனக்கு வலது கோடி’ என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்றேன். அவர் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார் போல. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும்போது நான் நடந்த நடை இருக்கிறதே, பினாங்கையே விலைக்கு வாங்கியவன் மாதிரி. அவளுக்கு வசதியாக வழியோரத்து இடம் வாங்கியிருக்கிறேன், எழுந்து வெளியே வருவதானாலும் சுலபம் என்று சொன்னேன். இரண்டு டிக்கெட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். படிக்கத் தெரியாதவள், எண்ணும் தெரியாது. அடுத்தடுத்த இடம் என்றுதான் அந்த ஐந்து நாளும் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். எனக்கு அச்சுக்கூடத்து முதலாளியிடம் இரவல் வாங்கிய கோட்டு, கால்சட்டை, கடித்துப் பிடுங்குகிற ஒரு ஜோடு. அவளுக்கு அரக்குச் சேலை. காத்துக் கருப்பு அண்டாமல் மடியில் ஓர் இரும்புச் சாவி. பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி பூ வைக்கக் கூடாது என்று பூவை எடுத்துவிட்டேன். நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வர, அந்த வெள்ளைப் படியில் ஏறினோம். மேலே போனதும் வழக்கப்படி ஜோட்டைக் கழற்றி ஓரமாக விட்டேன். அந்தச் சீக்கியன் ஓடிவந்து, போட்டுக்கொள்ளும்படி கையைக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே டிக்கெட் பார்க்கிற ஆள் இரண்டையும் வாங்கிப் பார்த்து, அவளை இடது பக்கம் கூட்டிப் போனான். அவள் நாலடி போய், நான் வரவில்லை என்று தெரிந்து நின்று திரும்பிப் பார்த்தாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, ‘நீ அங்குட்டுப் போ, நான் இங்குட்டு’ என்று கையைக் காட்டினேன். அவள் போய் உட்கார்ந்தாள். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்து சுற்றிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மண்டபத்தில் ஆணும் பெண்ணும் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெண்சாதி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். நாலு வரிசைக்கு முன்னால், மண்டபத்தின் அந்தக் கோடியில், பக்கத்தில் ஒரு கிழட்டுத் துரை உட்கார்ந்திருக்க, அரக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் மட்டும் தனியாக இருந்தாள்.

கச்சேரி ஆரம்பித்தது. அங்கே ஊசி விழுந்தால் கேட்கும். நம் ஊரில் நாயனக்காரர் ஒரு நல்ல பிடி பிடித்தால் நாலு பேர் ஆகா என்பார்கள், ஒருவன் எழுந்து வெற்றிலை துப்பப் போவான், குழந்தை அழும். இங்கே இருமல் வந்தவர்கூட முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் இடத்தில் வாசிப்பு நன்றாக வேகம் பிடித்தது. அவள் தொடையில் மெல்லத் தாளம் தட்டுவதைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த துரை திரும்பினார். அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அந்த மனுஷர் தன் முழங்காலில் இரண்டு விரலால் அதே தாளத்தைத் தட்டிக் காட்டினார். அவள் மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கு வெட்கமில்லை. அங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடுவில் இடைவேளை விட்டார்கள். நான் எழுந்து அவளிடம் போனேன். அந்தத் துரையும் எழுந்தார். வெள்ளை மீசை, கையில் தடி. இது உன் மனைவியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் அவளை விட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை, அத்தனை மரியாதை தெரிந்தவர். என் டிக்கெட்டை நீ வைத்துக்கொள், உன் இடத்தில் நான் உட்காருகிறேன், எனக்கு எங்கே இருந்தாலும் காது கேட்கும் என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நீட்டிய டிக்கெட்டைப் பார்த்தாள், காலியான நாற்காலியைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது.

நான் கையை நீட்டியிருக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து என் கண் மேலே போனது. மாடி வரிசையில், கம்பிமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, புதுவயல் மாமா. பாட்டுக் கேட்கவா வந்தார் அவர்? அவருக்கு நாயனத்துக்கும் ரயில் ஊதலுக்கும் வித்தியாசம் தெரியாது. நாங்கள் கிளம்பியதைப் பார்த்துவிட்டு இருக்கிறதிலேயே சல்லிசான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அவர் கடிதம் அப்படியே கண்முன் வந்தது. பிள்ளையாண்டான் கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஆயிரம் பேர் பார்க்கப் பெண்சாதியோடு ஒட்டி உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறான். கல்லல் சந்தையில் என் ஆத்தாவைப் பார்த்து நாலு பேர் இளிப்பார்கள். பங்காளிகள் பாட்டுக் கட்டுவார்கள்.

வேண்டாம் ஐயா, இதுவே சரியாக இருக்கிறது என்று அந்தத் துரையிடம் சொன்னேன். நான் தலையை ஆட்டியதை அவள் பார்த்தாள். அதற்குள் நாற்காலியில் எனக்காகக் கொஞ்சம் ஒதுங்கி, சேலையைக் கூட இழுத்துவிட்டிருந்தாள். அந்த மனுஷர் டிக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். நான் ஏதோ பெரிய கௌரவத்தைக் காப்பாற்றியவன் மாதிரி என் மூலைக்குத் திரும்பி வந்தேன்.

பாதிக்குப் பிறகு அவள் தாளம் போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். மேடையில் அந்தப் பிடில்காரர் ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன் பெண்சாதியைப் பார்ப்பார், அவள் தலையசைத்த பிறகுதான் வில்லை வைப்பார். கடைசியில் இருவரும் கைகோத்துக்கொண்டு சபையைப் பார்த்துத் தலை வணங்கினார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எதற்கென்று தெரியாமல்.

நான் முன்னால், அவள் பின்னால், வீட்டுக்கு வந்தோம். ஜோடு கடித்து எனக்குக் காலில் கொப்புளம். மாடிப்படியில் கால்வாசி ஏறியிருப்பேன், பின்னால் கொலுசுச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியிலேயே நின்றாள். மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நினைத்து, பிடில் வாசிப்பு எப்படி என்று கேட்டு வைத்தேன்.

“எனக்கென்ன பிடிலு தெரியும்,” என்றாள். “ஒங்க பக்கத்துல ஒரு நா உக்காரணும்னு கேட்டேன். அம்புட்டுத்தேன். ஊருக்குப் போனா அதுக்கு ஏது வழி?”

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சண்டை பிடித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து, சேலையை மாற்றிக்கொண்டு, உலை வைத்தாள். என் காலுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

பதினேழு நாள் இருந்தது கப்பலுக்கு. அத்தனை நாளும் நான் இல்லாதபோது சாப்பிடுவதற்கு அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். எலுமிச்சை ஊறுகாய், மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி. ஒவ்வொரு ஜாடியாகக் கட்டி வைக்கும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்சாதியிடம் மன்னிப்புக் கேட்கிறதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் எழுத்துக் கோர்க்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை அகப்படவில்லை. இன்னொரு கச்சேரி வராதா என்று அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு நோட்டீஸையும் பார்த்தேன். சோப்பு நோட்டீஸும் ஏல நோட்டீஸும்தான் வந்தன.

அவள் கண்ணை மூடி இரண்டு ஆடி ஆகிவிட்டது. அதற்கு முன்னால் நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம், பிள்ளை பெற்றோம், பேரன் பேத்தி எடுத்தோம். ஊரில் எத்தனையோ விசேஷத்துக்கு எத்தனையோ கூட்டத்துக்குப் போனோம். அவள் பொம்பளைகளோடு, நான் ஆம்பளைகளோடு. இதை எழுதுகிறபோது கணக்குப் பார்த்தால், நாலு பேர் பார்க்க நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. அது அந்தக் கப்பல் துறையில்.

நாகப்பட்டினம் போகிற கப்பல். துறையில் ஒரு தகரக் கொட்டகை. படகு வந்து கூப்பிடுகிற வரைக்கும் ஜனங்கள் அங்கேதான் காத்திருக்க வேண்டும். பொம்பளைகள் ஒரு பக்கம் மூட்டை முடிச்சுகளோடும் டிரங்குப் பெட்டிகளோடும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் துணையாகப் போகிற தேவகோட்டைக்கார அம்மாளும் அங்கேதான். ஆம்பளைகள் இன்னொரு பக்கம் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழ்வீட்டு ஆட்கள் எல்லோரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். புதுவயல் மாமா என் பக்கத்தில் நின்று, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் எங்கே மாற வேண்டும், கல்லல் ஸ்டேஷனுக்கு யார் வண்டி கொண்டுவருவார்கள் என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவள் தன் பெட்டிமேல் உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்த மாமாவைப் பாதியில் விட்டுவிட்டு நடந்தேன். கொட்டகையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இருபதடிகூட இருக்காது. பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள். தேவகோட்டைக்கார அம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏதோ சாமான் எடுக்க வருகிறேன் என்று நினைத்து என் பெண்சாதி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெட்டிமேலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னப் பெட்டி. தோளோடு தோள் இடித்தது. பின்னால் பேச்சுச் சத்தமே இல்லை.

அவள் நிமிரவில்லை. உதடு அசையாமல், “மாமா பாக்குறாக,” என்றாள்.

“பாக்கட்டும்,” என்றேன்.

படகுக்காரன் வந்து கூப்பிட்டான். எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் எங்கள் முன்னால் வந்து நின்று இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.